மதினி, டிவியைப் போட்டுவிட்டேன்

அன்பு மதினி,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏசுங்கள். இந்தச் சனிக்கிழமை நம் வீட்டு டிவியைப் போட்டுவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி இன்னும் வருசம் திரும்பவில்லை. துட்டி நடந்த வீட்டில் அதற்குள் டிவி சத்தமா என்று தெருவே கேட்கும். கேட்கட்டும்.

டிவியைத் துணி போட்டு மூடியது அண்ணன்தான். காரியம் முடிந்த அன்றைக்கு உங்கள் நூல் சேலை ஒன்றை மடித்து அதன் மேல் போட்டார். யாரும் தடுக்கவில்லை. நானும்தான்.

நம் சனி ஞாயிறுகள் எப்படி இருக்கும்! காலையிலேயே ஒரு சட்டி புளிச்சோறு கிண்டி வைத்து, "ரெண்டு நாளைக்கு அடுப்புக்கு லீவு, பசிக்குதவிய போட்டுத் தின்னுங்க" என்று அறிவித்துவிட்டுத்தான் ஜப்பான் கார்ட்டூனான அனிமே பார்க்க உட்காருவீர்கள். தமிழில் பேசுகிற அனிமே வந்த பிறகும் உங்களுக்கு ஜப்பான்காரர் குரல்தான் வேண்டும். கீழே ஓடுகிற இங்கிலீஷை நான் படித்து நம் ஊர்ப் பேச்சில் சொல்ல வேண்டும். "ஏல, வாளைக் கீழ போடுல" என்று நான் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். கல்யாணத்துக்கு முன் புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை தைத்தவர் இல்லையா, சண்டையைவிட உடுப்பின் மேல்தான் உங்களுக்குக் கண். "இம்புட்டு அடி வாங்குதான், ஒரு தையல் பிரியல பாரு!"

உங்கள் மகள் யாழினிக்காகத்தான் இதைச் செய்தேன். போன வாரம் பக்கத்து வீட்டில் டிவி பார்க்கப் போயிருக்கிறாள். "வருசம் திரும்பல, அதுக்குள்ள டிவி கேக்குதோ? போ வீட்டுக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். அதன்பிறகு எதுவும் கேட்பதில்லை. மதினி, ஒன்பது வயசுப் பிள்ளை எதுவுமே கேட்காமல் இருந்தால் அது நல்லதா?

சனிக்கிழமை நான் வேலை பார்க்கிற கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் புளிச்சோறு கிண்டினேன். உப்பு கூடிப்போய்விட்டது. பிறகு சேலையை எடுத்தேன். அண்ணன் எழுந்து வந்தார்.

"ஏட்டி, ஊரு என்ன சொல்லும்?"

"ஊரா வந்து பிள்ளைய சிரிக்க வைக்கும்? கேட்டா நான் பதில் சொல்லுதேன்."

"அந்த ஜப்பான் பாட்டக் கேட்டா அவ நெனப்புல என்னால வீட்டுல இருக்க முடியாதுட்டி" என்றார். பைக்கை எடுத்துக்கொண்டு உளுந்துக் காட்டுக்குப் போய்விட்டார். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் போட்டேன்.

காணாமல் போன அப்பாவைத் தேடிப் போகிற பையனின் கதை. புதுசு, நீங்கள் பார்க்காதது. முதல் இரண்டு பாகம் யாழினி அசையவே இல்லை. மூன்றாவதில் அந்தப் பயல் குதிரையில் ஏறத் தெரியாமல் தலைகீழாக விழுந்தான். "ஐயோ, கூறு கெட்ட குதிரை!" என்றேன். களுக்கென்று சிரித்தாள். எத்தனை மாசம் கழித்துக் கேட்கிறேன் அந்தச் சிரிப்பை! சாயங்காலம் வரை விடாமல் பார்த்தோம்.

ஞாயிறு மதியம்தான் மாட்டிக்கொண்டேன். முன்கூட்டியே தெரிந்தால் ருசி போய்விடும் என்று கதையை நான் விசாரித்து வைக்கவில்லை. அந்த வீம்பு வினையாக வந்தது. பையன் ஊர் திரும்புகிறான், அவன் அம்மா சாகக் கிடக்கிறாள். வாசித்துச் சொல்வதை நிறுத்திவிட்டேன். ரிமோட்டைத் தேடினேன். யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தாதீங்க அத்தை. அம்மா போனதுக்குப் பொறவு அவன் என்ன செய்யுதான்னு நான் பாக்கணும்."

அப்புறம் கீழே ஓடிய இங்கிலீஷை அவளே எழுத்துக் கூட்டி வாசித்தாள். "'சாப்பிட்டியால'ன்னு அவன் அம்மா கேக்காவ அத்தை." அவள் கன்னமெல்லாம் கண்ணீர். ஆனால் ஒரு வரியைக்கூட விடவில்லை.

அன்றும் காட்டுக்குப் போயிருந்த அண்ணன் எப்போது வந்தாரோ, வாசலில் நின்றுகொண்டிருந்தார். காலில் அப்பிய கரிசல் மண்ணைக்கூடக் கழுவாமல் உள்ளே வந்தார்.

"அந்தப் பய பொறவு என்னட்டி செஞ்சான்?"

"இன்னும் தெரியலப்பா. உக்காருங்க, பாப்போம்."

உட்கார்ந்தார். மூன்று பேரும் பார்த்தோம்.

உங்களுக்கு என் மேல் கோபமா மதினி? இருந்தாலும் நான் மாறப்போவதில்லை. அடுத்த சனிக்கிழமையும் டிவி ஓடும். யார் வந்து கேட்டாலும் வாசலில் வைத்தே பதில் சொல்லி அனுப்புவேன். உங்கள் மகள் சிரித்தால் கூடச் சிரிக்கவும், அழுதால் கூட உட்கார்ந்து அழவும் நான் இருக்கிறேன். இனி அவளைச் சுவரைப் பார்த்துப் படுக்க விடமாட்டேன். இது சத்தியம்.

என்றும் உங்கள் நாத்தனார்,
செண்பகம்