சித்திரையில் ஓடிய வள்ளம்

உ

ஓடைக்கரை,
முல்லைத்தீவு.
சித்திரை, 1957

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகள் விமலேஸ்வரி எழுதிக்கொள்வது. இதை வாசித்தவுடன் அடுப்பில் போட்டுவிடுங்கள். மாமிக்கும் காட்ட வேண்டாம். அம்மாவுக்குப் பதில் எழுதும்போது இதைப் பற்றி ஒரு சொல்லும் வந்துவிடக் கூடாது. எல்லாரும் படுத்த பிறகு நெல் மூட்டை அறைக்குள் கைவிளக்கின் திரியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்துக் கோணியிருந்தால் கோபிக்க வேண்டாம்.

இங்கே சுகம். கமலாசனி அக்காவுக்கு மட்டும் கால் வீங்கியிருக்கிறது. தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் என்று அம்மா அவளைப் பளையிலிருந்து கூட்டிவந்துவிட்டா. ஆவணியில் பிள்ளை பிறக்கும். போன ஆவணியில் பக்கத்து வளவு ஜெகதீஸ்வரியக்காவுக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை. ஓடை வற்றி, வள்ளம் சேற்றில் கிடந்தது. பிள்ளை வலியோடு அவவைக் காட்டுப் பாதையால் மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்த வண்டியில் அவவைத் தலைவரை மூடியிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் ஓடையை ஆழமாக வெட்டித் துறையும் கட்டித்தரச் சொல்லிக் கிராமச் சங்கம் நீங்கள் வேலை செய்யும் கந்தோருக்கு மனு அனுப்பியது. காசு இந்த வருடத்துக்கென்றே ஒதுக்கியாயிற்று, அது எந்த ஊருக்கு என்பதை நேரில் வந்து பார்க்கும் இஞ்சினியர்தான் சொல்வார் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அவர் போன வெள்ளிக்கிழமை வந்தார்.

மாமா, அவர் எங்கள் ஓடையைப் பார்க்கவேயில்லை.

சித்திரையில் அதில் முழங்கால் சேறுதான் இருக்கும். இஞ்சினியர் வரும் நாள் தெரிந்ததும் சங்கத் தலைவர் அப்புத்துரையர் எங்கள் வீட்டுக்கு வந்தார். குளத்துத் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானை என்றபடியால் மதகைத் திறந்து மூடும் துருசுத் திறப்பு அப்பாவிடம்தானே இருக்கிறது. "கொழும்பிலயிருந்து வாற மனிசனைச் சேறு உழக்க விடுறதே, விதானையார்? நாளைக்கு எங்கட ஊரைப் பற்றி என்ன கதைப்பினம்?" என்று கேட்டார். அப்பா முதலில் சம்மதிக்கவில்லை. "சிறுபோகத்துக்கு வைச்ச தண்ணி, ஐயா. உத்தரவில்லாமல் திறந்தால் என்ரை வேலை போயிடும்" என்றார். அப்புத்துரையர் விடவில்லை. "உம்மடை மகளின்ரை மாமியார் வந்தாலும் சேத்துக்குள்ளாலதான் கூட்டி வருவீரோ?" என்று குத்தினார். அது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு இரவு துருசு திறந்திருந்தது. ஓடை மாரிகாலம் போல நிறைந்தது. வள்ளத்துக்கு வாழை கட்டி, அவர் உட்காரும் கதிரைக்கு வெள்ளை விரித்து, மேளத்தோடு இஞ்சினியரை ஏற்றிவந்தார்கள். நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கரையில் நின்று பாடினோம். வள்ளக்கார மஹ்றூப் நானா கயிற்றைக் கட்டும்போது, "வருசத்தில பாதி நாள் வள்ளத்தை நான் சுமக்கிறன். இண்டைக்குத்தான் அது என்னைச் சுமந்தது" என்று எங்களிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். வருகிறவரை மதிக்கும் அவசரத்தில், அவர் எதைப் பார்க்க வருகிறார் என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

கரையில் இறங்கிய இஞ்சினியர் மாலையைக் கழற்றிக்கொண்டு, "அருமையான ஓடை. வள்ளம் சோக்காப் போகுது. இதில வெட்டுறதுக்கு என்ன கிடக்கு? தண்ணியைக் கண்ணால காணாத ஊருகள் எத்தினை இருக்கு, அதுகளைப் பாப்பம்" என்றார். மேளம் நின்றுவிட்டது. எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் அப்பாவுக்கு வேலை போகும், வழக்கும் வரலாம். இஞ்சினியருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

அன்றிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. "இந்தக் கதை இந்த வளவை விட்டு வெளியில போகப்படாது" என்று என்னையும் அம்மாவையும் கூப்பிட்டுச் சொன்னார். அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. நேற்றும் கேட்டாள், "ஆவணிக்கிடையில வெட்டி முடிச்சிடுவினமோ, அப்பா?" என்று. "ஓம், பிள்ளை" என்றுவிட்டு அவர் மாட்டுக்கு வைக்கோல் போடப் போனார். மாட்டுக்கு முன்னால் ஏற்கெனவே வைக்கோல் கிடந்தது.

இஞ்சினியர் இந்தக் கிழமைதான் அறிக்கை எழுதுவாராம். அவரை இன்னொரு முறை வரச்செய்ய உங்களால் முடியுமா, மாமா? துருசைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். வைகாசி வெயிலில் ஒருதரம் ஓடையைப் பார்த்துவிட்டு எழுதினால் நல்லது என்று மட்டும் சொல்லுங்கள். நாள் குறிக்காமல் வரட்டும். முன்கூட்டித் தெரிந்தால் இவர்கள் மறுபடியும் தண்ணீர் திறந்தாலும் திறப்பார்கள். ஊருக்கு வருகிறவரைச் சேற்றில் நடக்கவிட இவர்களுக்கு மனம் வராது. மாலையும் மேளமும் இல்லாமல் வந்து, காலில் போட்ட சப்பாத்தோடு ஓடைக்குள் இறங்கி ஒருமுறை புதையட்டும்.

ஆனால் அப்போது அவர், அன்றைக்கு அவ்வளவு தண்ணீர் எங்கேயிருந்து வந்தது என்று கேட்பார் அல்லவா? அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். அதற்கு மேல் யோசிக்க எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள்தான் யோசிக்க வேண்டும். வழி இல்லையென்றால் இல்லையென்று எனக்கு எழுதாதீர்கள். நான் வேறு

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவின் செருமல். மாமா, அப்பாவைக் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள். அக்காவையும்