கல்யாணச் செருப்பின் நிறம்

பிம்மின் அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி குறைந்ததா? நீங்களும் எருமையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? எருமையை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். லீவு நாளில் அறையில் இருப்புக்கொள்ளாமல், எதுவும் வாங்காமலே மால் மாலாகச் சுற்றுகிறேன். காசில்லாதவருக்கு ஒன்று, கொஞ்சம் இருப்பவருக்கு ஒன்று, விலையே கேட்காதவருக்கு ஒன்று என்று பாங்காக்கில் எல்லாருக்கும் மால் உண்டு. குளிர்காற்று மூன்றிலும் இலவசம்.

நேற்று மட்டும் நம் மகள் பிம்முக்குக் கல்யாணச் செருப்பு வாங்கப் போனேன். சம்பந்தியம்மா யாரையும் காலிலிருந்துதான் பார்க்கத் தொடங்குவார். அதனால் மூன்றாவது மாலுக்கே போனேன். கடையின் தரை நம் ஊர்க் கோயில் தரையைவிடப் பளபளத்தது. என் ரப்பர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நுழைந்தேன்.

கடைப்பெண் சிரித்தாள். "அம்மா, இங்கெல்லாம் கழட்ட வேண்டாம்மா."

"இருக்கட்டும் கண்ணு. நீ விலையைச் சொல்லு, கும்பிடவும் செய்றேன்."

தள்ளுபடியில் வெள்ளை ஜோடி ஒன்று அமைந்தது. சம்பந்தியம்மா வாயைத் திறக்க முடியாது.

ஊருக்கு வரும் வேன்காரரிடம் பொட்டலத்தைக் கொடுக்கிறேன். திரும்பும்போது மிளகாய்ப்பொடி கொடுத்தனுப்புங்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றும் வேண்டும். தலையணைக்கு உறை இல்லை. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

வேன்காரர் ஹார்ன் அடிக்கிறார்.

உங்கள் புவா

பி.கு.: கடையை விட்டு வெளியே வந்தால், என் செருப்பைக் குப்பையென்று பெருக்கிக்கொண்டு போயிருந்தார்கள். காவலாளி வெறுங்காலோடு நடக்க விடவில்லை. பஸ் நிறுத்தம் வரை மழையும் சேறும். செருப்பு வெள்ளை என்று பிம்மிடம் சொல்லிவிடாதீர்கள்.