டீசலை உங்கள் வயலுக்குத் திருப்பிவிட்ட மதியம்

அக்கா,

நேற்று ஒர்க்‌ஷாப்பில் என் வேனின் டீசல் குழாயைக் கழற்றும்போது கொஞ்சம் தரையில் கொட்டியது. மழையில் நனைந்த மண். அந்த வாடை ஏறியதும் மெக்கானிக் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. புவனகிரிக்குப் பக்கத்தில், உங்கள் வயலோரம் போய் நின்றுவிட்டேன்.

சுனாமி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஐப்பசிக் கடைசி, மழை விட்டிருந்த ஒரு மதியம். கடலூரிலிருந்து டேங்கர் லாரி ஓட்டி வந்தேன். வண்டி சாலையை விட்டு இறங்கி வாய்க்கால் கரையில் கவிழ்ந்தது. மேல் பக்கக் கதவைத் தள்ளி வெளியே வந்து உட்கார்ந்தபோது டீசல் வாய்க்காலில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர்தான் கீழே ஊரார் வயல்களுக்கெல்லாம் போகிறது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்க, அந்த ஒரு ஏக்கரை நீங்கள் தனியாகப் பார்த்துவந்தீர்கள். மண்வெட்டியோடு ஓடிவந்து, உயிரோடு இருக்கிறேனா என்று ஒரு தடவை என்னைப் பார்த்தீர்கள். அடுத்து வாய்க்காலை அடைத்தீர்கள். டீசல் தேங்கி அடைப்புக்கு மேல் வழியப் பார்த்தது. உடனே உங்கள் வரப்பை நீங்களே வெட்டித் திறந்தீர்கள். உள்ளே நட்டு ஒரு மாதமான சம்பாப் பயிர்.

பக்கத்து வயல்காரர் அலறினார். "என்னாம்மா பண்ற? ஒன் பயிரு போயிடும்."

"எங்கியாச்சும் ஒரு எடத்துல நிக்கணும்ல மாமா. கீழ போனா எல்லார்துந்தான் போவும்."

சைக்கிள் ஒன்று குறுக்கே வந்தது என்று போலீசில் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

விபத்தில் அடிபட்ட கையின் கட்டை அவிழ்த்த பிறகு, வெட்கத்தோடு ஒரு மண்வெட்டி எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தேன். பயிர் வேரோடு கருகியிருந்தது. மண்புழுக்கள் மேலே வந்து செத்துக் காய்ந்திருந்தன. தண்ணீர் ஊற்றினால் மண் குடிக்கவில்லை. துளித்துளியாக மேலேயே நின்றது. நீங்கள் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன்.

"மம்புட்டி புடிச்சிருக்கியா தம்பி?"

"இல்லக்கா."

"கை கொப்பளிக்கும். துணி சுத்திக்க."

மிகவும் கறுத்திருந்த மேல்மண்ணைச் சுரண்டித் தார்ப்பாயில் குவித்தோம். மிச்ச நிலத்தில் சாணி எருவைக் கொட்டிக் கொத்திக் கிளறினோம். எனக்கு வேறு வண்டி கிடைத்த பிறகும் வாரத்தில் ஒரு நாள் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்துவிடுவேன். நான் நோன்பிருக்கும் நாட்களில் என் எதிரே நீங்கள் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டீர்கள். அந்தத் தை மாதம் விதைத்த உளுந்து இரண்டு இலை விட்டுச் செத்தது. எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. நீங்களோ வேளாண்மை ஆபீசுக்குப் போய்க் கேட்டு வந்தீர்கள். மண்ணிலுள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எண்ணெயைத் தின்னுமாம். அவற்றுக்குக் காற்றும் ஈரமும் எருவும் வேண்டுமாம்.

"அப்ப இந்த நெலத்துல நாம ரெண்டு பேரு மட்டும் வேல பாக்கல தம்பி" என்றீர்கள். "கடத்தண்ணி ஏறுன நெலமே திரும்புச்சு. இதுவும் திரும்பும்."

அடுத்த வருடம் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்தோம். திட்டுத்திட்டாக வந்ததை அப்படியே மடக்கி உழுதோம். அதற்கும் அடுத்த மழையில்தான், வரப்போரம் குந்தியிருந்த நீங்கள் என்னைக் கைகாட்டி அழைத்தீர்கள். சின்னச் சின்னக் குருணைபோல மண்புழு தள்ளிய மண். அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதைப் பார்த்தபிறகு என்னால் மறைக்க முடியவில்லை.

"அக்கா, சைக்கிள் எதுவும் வரல. நான் தூங்கிட்டேன்."

நீங்கள் நிமிரவில்லை. "தெரியும்."

"எப்படிக்கா?"

"சேத்துல சக்கரத் தடம் நேரா எறங்கியிருந்துச்சு. சைக்கிளுக்கு ஒதுங்குனவன் ஒடிச்சுத் திருப்பியிருப்பான்ல."

"அப்பறம் ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா ஒன் லைசன்ஸ் போவும். என் நெலம் வந்துருமா? நீயா மம்புட்டியோட வந்து நின்ன, போதும்னு உட்டுட்டேன்." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "சொல்லாமலே போயிடுவியோன்னுதான் நெனச்சிக்கிட்டிருந்தேன்."

அந்த மழைக்கு நட்ட சம்பா மற்றவர் வயலைவிடக் குறைவாகத்தான் விளைந்தது. ஆனால் விளைந்தது. வாய்க்காலுக்குக் கீழேயிருந்த வயல்கள் ஒரு போகம்கூடத் தவறவில்லை. அது யாரால் என்று நீங்கள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

2012இல் நான் சவூதியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது, நெஞ்சுவலியில் நீங்கள் போய்விட்டதாக உங்கள் மகள் போன் செய்தாள். வந்து முகம் பார்க்க முடியவில்லை.

இப்போது ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். மதியத்தில் கண் சொக்கினால் ஓரம் கட்டி, முகம் கழுவி, தெளிந்த பிறகுதான் எடுப்பேன். ஏன் லேட் என்று கேட்பார்கள். டயர் பஞ்சர் என்று சொல்வது சுலபம். "தூக்கம் வந்துச்சு சார், நிறுத்திட்டேன்" என்கிறேன். போன வாரம் அதற்காகத் திட்டு வாங்கினேன் அக்கா. மறுபடி நேற்று முன்தினம் லேட். மறுபடியும் அதையேதான் சொன்னேன்.