புளிக்கடையில் நான் தோற்ற வாதம்

நர்சம்மா,

இன்று காலை பெங்களூரிலிருந்து கார்பாலிக் சோப்புப் பெட்டி ஒன்று கடையில் வந்து இறங்கியது. புளியோடு சோப்பும் விற்கலாம் என்பது என் மூத்த மகனின் யோசனை. ஆணியைப் பிடுங்கிப் பலகையைத் தூக்கியதும் உங்கள் ஆஸ்பத்திரி வாசனை கடை முழுக்கப் பரவியது. புளி, சீயக்காய், கடுக்காய் என்று மலைச்சரக்கின் வாடையிலேயே பழகிய என் மூக்கு, என்னைக் கேட்காமலே தெருப்பக்கம் திரும்பியது. ஆஸ்பத்திரி வேலை முடிந்து, வெள்ளைச் சேலையும் குடையுமாக நீங்கள் வரும் திசை அது. நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அதை மூக்குக்கு யார் சொல்வது?

நீங்கள் முதல்முதல் கடைப்படி ஏறியது புளிக்காக அல்ல, பேப்பருக்காக. கௌதள்ளிப் பக்கத்து மலையடியிலிருந்து தலைச்சுமையாகப் புளி கொண்டுவந்து விற்ற நான், மைசூரில் சொந்தமாகக் கடை போட்ட புதிது. கடைக்காரன் என்றால் பேப்பர் வாங்க வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, மதராஸ் பேப்பர் ஒன்று வரவழைத்தேன். ரயிலில் ஒரு நாள் பழசாகத்தான் வரும்.

“சாவ்காரே, நீங்க படிச்சு முடிச்சப்புறம் அதக் குடுப்பீங்களா?” என்று, கன்னடத்தில் எனக்கு முதலாளி பட்டம் கட்டிக் கேட்டீர்கள்.

“முடிக்கறதுக்குள்ள அடுத்த பேப்பர் வந்துருங்க. எழுத்துக் கூட்டித்தான் படிக்கோணும். நீங்க சத்தமாப் படியுங்க, ரெண்டு பேருக்கும் ஆச்சு.”

அப்படித் தொடங்கியது. நீங்கள் படிப்பீர்கள், நான் எடை போட்டபடியே கேட்பேன். திவான் சொன்னதற்கு நீங்கள் ஒரு அர்த்தம் சொல்வீர்கள், நான் இன்னொன்று சொல்வேன். தசரா ஊர்வலத்துக்கு ஆகும் செலவு வீண் என்பீர்கள். தசராவுக்கு வருகிற கூட்டம்தான் எனக்குத் தீபாவளி என்பேன். எலி ஒழிக்கச் சரக்கறையைக் காலி செய் என்று நகரசபை உத்தரவு போட்டபோது நீங்கள் உத்தரவின் பக்கம், நான் எதிர்ப்பக்கம். “காலி பண்ணுன மூட்டைய எங்க வைக்கறதுன்னு அந்தக் காயிதத்துல எழுதியிருக்குதுங்களா?” என்று கேட்டேன். நீங்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போனீர்கள். மறுநாள் வந்து, சுகாதார அதிகாரியிடம் அதே கேள்வியை உங்கள் கேள்வியாகக் கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னீர்கள். “அவருக்கும் பதில் தெரியல” என்று சிரித்தீர்கள். தோற்றால் இப்படித் தோற்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது.

நமக்குள் ஒரு சட்டம் இருந்ததே, அது என் தொழிலிலிருந்து வந்தது. மலையிலிருந்து வரும் புளி மூட்டையில் வாய்ப்பக்கம் சதை பிடித்த பழமாக இருக்கும். கொட்டையும் மண்ணும் கீழே கிடக்கும். முழங்கை வரை கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்துத்தான் விலை சொல்வேன். ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், பேப்பரைத் தட்டி, “இதையும் அப்படித்தான் வாங்கணும் அல்வா?” என்றீர்கள், ‘அல்லவா’வை வழக்கம்போல் கன்னடத்தில் போட்டு. அன்றிலிருந்து “எல்லாரும் சொல்றாங்க” என்ற பேச்சு நம் கடையில் செல்லுபடியாகவில்லை.

அந்தச் சட்டத்தை நீங்கள் என் மேலேயே திருப்புவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட விரும்பும் பெண்களுக்கு வழி சொல்ல அரசாங்க ஆஸ்பத்திரியில் தனிப் பிரிவு திறக்கிறார்கள் என்ற செய்தி வந்த நாள் அது. நீங்கள் படித்து முடிப்பதற்குள் எனக்குச் சூடு ஏறிவிட்டது. கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். கூட்டம் இருந்தால் எனக்குக் குரல் கூடும், உங்களுக்குத் தெரியும்.

“ராஜாங்கம் ரோடு போடட்டும், கரண்டு விளக்குப் போடட்டும். எங்க ஊட்டுக் கதவத் தாண்டி உள்ள வர வேண்டியதில்லீங்க. இன்னைக்கிப் பெத்துக்காதேம்பான். நாளைக்கிப் பட்டாளத்துக்கு ஆளு பத்தலீன்னா பெத்துக்கோம்பான். அப்ப என்னங்க பண்றது?”

நின்றவர்கள் தலையாட்டினார்கள். நீங்கள் பேப்பரை மடித்தீர்கள்.

“நல்ல கேள்வி சாவ்காரே. அதுக்கு எங்கிட்டப் பதில் இல்ல.”

“அப்ப ஒத்துக்கிட்டீங்க.”

“வாய்ப்பக்கம் நல்ல சரக்குதான்னு ஒத்துக்கிட்டேன். அடியில கை விட்டுப் பாக்கலாமா?”

ஆட்கள் கலையும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, “ராமாயம்மா எப்படி இருக்காங்க?” என்றீர்கள்.

என் மனைவிக்கு ஐந்தாவது பிரசவம் நடந்தபோது பக்கத்தில் இருந்தவர் நீங்கள். ரத்தம் நிற்காமல் போனதும், இன்னொன்று வந்தால் தாங்காது என்று டாக்டரம்மா சொன்னதும் எனக்கும் தெரியும். டானிக் வாங்கிக் கொடுத்தேன். வாராவாரம் ஆட்டு ஈரல் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வீட்டுக்காரன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட கணக்கில்தான் இருந்தேன்.

“டானிக் ரத்தம் ஊற வைக்கும். அடுத்தத நிறுத்தாது,” என்றீர்கள். “புருஷன் சம்மதிக்காம டாக்டரம்மா எதுவும் சொல்லித் தர மாட்டாங்க.”

“ராமாயி உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளுங்களா?”

“அத அவங்க வாயால கேளுங்க. நான் தபால்காரி இல்ல.”

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டீர்கள். நான் வீட்டுக்குப் போய்க் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று தெரியும்.

மறுநாள் சாயங்காலம் நீங்கள் பேப்பரைப் பிரித்திருந்தீர்கள். மலைப்பாதையில் எனக்குச் சரக்கு ஏற்றிவரும் வண்டிக்காரர் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கடைப்பக்கம் அதிகம் வராத ராமாயி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறி வந்தாள். சுவரைப் பிடித்து மூச்சு வாங்கினாள். இருந்ததே மூன்று படி.

“நானும் ஒரு நாயம் பேசலாங்களா?” என்றாள்.

நீங்கள் முக்காலியை அவள் பக்கம் தள்ளினீர்கள்.

“ஏனுங்க, மலையேத்தத்துல வண்டிக்கு எத்தன மூட்டைங்க?”

“எட்டு,” என்றேன். என் தொழிலில் யார் கேட்டாலும் எனக்கு உடனே வாய் திறக்கும். “அதுக்கு மேல ஒண்ணு ஏத்துனாலும் வண்டிய நிறுத்தி எறக்கிப்போடுவேன். இவரையே கேளு, எத்தன தடவ எங்கிட்ட வாங்கிக் கட்டியிருக்காருன்னு.”

“எதுக்குங்க அப்படி?”

“மாடு செத்துப்போயிரும். அதுக்குப் பாரம் தாங்கலீன்னு வாயத் தொறந்து சொல்லத் தெரியுமா?”

“எனக்கு வாய் இருக்குதுங்க,” என்றாள் ராமாயி. “அஞ்சு போதும்.”

வண்டிக்காரர் வெற்றிலையைத் துப்ப எழுந்துபோய், வெளியிலிருந்தே சொன்னார்: “சாவ்காரே, எறக்கிப்போட்டுட்டாங்க உங்கள.” நீங்கள் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டீர்கள். பேப்பர் ஆடியது.

நான் லேசில் விடுகிற ஆளா? “அவங்க சொல்ற வழி ஒடம்புக்கு ஒத்துக்கலீன்னா?” என்றேன்.

“சாவறத விட மோசமாவா இருக்கும்?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உப்பு விலை கேட்பதுபோலச் சொன்னாள். நான் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டேன்.

“அப்ப நானும் கூட வருவேன். கேக்க வேண்டியத நானே டாக்டரம்மாகிட்டக் கேப்பேன்.”

“வாங்க,” என்றீர்கள் நீங்கள். “அங்க வந்து பேரம் மட்டும் பேசாதீங்க.”

பேரம்தான் பேசினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பெண்களுக்கு நடுவே நான் ஒருவன் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தேன். முந்தானைக்குள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன். உள்ளே போனதும் டாக்டரம்மாவிடம் கேட்டேன்: இவள் பெயரை எங்கே எழுதுவீர்கள், யார் பார்ப்பார்கள், நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் நிறுத்திக்கொள்ளலாமா, வராவிட்டால் ஆள் அனுப்புவீர்களா? அந்த அம்மாள் பொறுமையாகப் பதில் சொன்னார். வேண்டாம் என்றால் வராமல் இருந்துவிடலாம், யாரும் தேடி வர மாட்டார்கள் என்றார். ராமாயியைத் தனியாக உள்ளே அழைத்துப்போனார்.

வெளியே வந்ததும் நீங்கள், “உங்க கேள்விக்கும் பதில் கெடச்சுது அல்வா?” என்றீர்கள். அது உங்கள் பெருந்தன்மை. ஜெயித்தவர் எதிராளியின் பங்கை எடுத்துக் கொடுப்பது சந்தையில் நடக்காது.

விஷயம் தெரிந்து சொந்தக்காரர் ஒருவர் என்னிடம் சரக்கு எடுப்பதை நிறுத்தினார். அதே சரக்கை வேறு ஆள் எடுத்தார். ராமாயிக்கு அடுத்த பிரசவம் என்று ஒன்று வரவில்லை. மெல்ல மெல்ல அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. படியேறினால் மூச்சு வாங்கவில்லை. சொல்ல மறந்தேனே, அதன் பிறகு மாதத்தில் பாதி நாள் சாயங்காலம் அவளும் கடையில்தான் இருந்தாள். நாம் இருவரும் பேசியதற்கு அவள் வைத்த குட்டுகளை எண்ணினால் என் மானம் போகும்.

கடைசியில் நீங்கள் நெஞ்சுச்சளியோடு படுத்திருந்தபோது நாங்கள் வந்து பேப்பர் படித்தோம். அப்போது படித்தது நான். எழுத்துக் கூட்டாமலே படித்தேன். கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தவர், நடுவில், “அத யாரு பாத்தா?” என்றீர்கள். பாதிரியார் வந்து ஜெபம் செய்த அன்றைக்குக்கூட அவரிடம் ஏதோ கேட்டீர்களாம். உங்கள் தங்கை சொன்னார்.

இப்போது வெள்ளைக்காரன் போய்விட்டான். மைசூரில் இன்னும் மக்களிடம் ஆட்சி வரவில்லை என்று ஊரெல்லாம் கடையடைப்பு. கொடியோடு வந்தவர்கள் என் கடையையும் மூடச் சொன்னார்கள். மூடுகிறேன் என்றேன். “நாளைக்கி நீங்க நாற்காலியில உக்காந்தா, இதே எடத்துல நின்னு உங்களையும் கேப்பேன். சம்மதங்களா?” என்றேன். ஒருவன் முறைத்தான். இன்னொருவன், “கேளுங்க” என்றான். அந்த இரண்டாமவனை உங்களுக்குப் பிடித்திருக்கும்.

அரசாங்கம் வீட்டு வாசலைத் தாண்டி வரக்கூடாது என்பதில் நான் இன்றும் மாறவில்லை, நர்சம்மா. ராஜா ஆனாலும் சரி, கொடிக்காரர்கள் ஆனாலும் சரி. ஆனால் அந்த வாசலுக்கு உள்ளே இருப்பவர்கள் சார்பில் நானே பேசிவிடுகிற பழக்கம் போய்விட்டது. மருமகள் சங்கதியோ, மகளின் படிப்போ, முதலில் அவர்களையே கேட்கிறேன். கேட்டால் பதில் வருகிறது. சில நேரம் எனக்குப் பிடிக்காத பதில்தான் வருகிறது. வரட்டும்.

உள்ளேயிருந்து ராமாயி சத்தம் போடுகிறாள். பேரப்பிள்ளைகள்கூடச் சாப்பிட்டாயிற்று, இன்னும் என்ன எழுத்து என்கிறாள். யாருக்கு எழுதுகிறேன் என்று சொன்னேன். சோற்றுப் பானையை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, “அப்படீன்னா முடிச்சுட்டே வாங்க. சோறு ஆறுனா மறுபடி வடிச்சுக்கலாம்” என்றாள்.