நெப்டியூனுக்கு வேறு நீலம்

மார்ச் 3, திங்கள்

மதியம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் நெட்டை வந்து நின்றார். எங்கள் கோளரங்கத்தில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்கிறவர்; உயரத்தைப் பார்த்து நான் வைத்த பெயர் அது. பின்கட்டில் இருக்கும் என் வண்ணப் பட்டறைக்கு அவர் வந்ததே அபூர்வம்.

"நெப்டியூன் நிறம் தப்புங்க."

பன்னிரண்டு வருஷமாக முன்கூடத்துக் கூரையில் மற்ற கோள்களோடு தொங்குகிறது அந்த உருண்டை, நான் அடித்த நீலத்தில். வருகிறவர்கள் எல்லாம் அதன் அடியில் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். தப்பாம்!

விண்கலம் அனுப்பிய படத்தில் மேகங்கள் தெளிவாகத் தெரியட்டும் என்று நீலத்தைத் தூக்கலாக்கி வெளியிட்டார்களாம். நிஜத்தில் வெளிறிய பச்சை கலந்த நீலம், கிட்டத்தட்ட யுரேனஸ் மாதிரியே.

"இருந்துட்டுப் போகட்டுமே. யார் போய்ப் பார்க்கப்போறாங்க?"

"தினமும் அதைக் காட்டிப் பேசறவன் நான்தாங்க."

இயக்குநரின் ஒப்புதலைக் கையோடு வாங்கி வந்திருக்கிறார். பதினேழாம் தேதி பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள், அதற்குள் முடிக்கணுமாம்.

மார்ச் 4

கோபம் தீரவில்லை.

மார்ச் 6

நாலு பேர் கயிறு பிடித்து இறக்கினார்கள். தரையில் வைத்தால் என் நெஞ்சு உயரம். உப்புத்தாளை எடுத்தேன், தேய்க்கக் கை வரவில்லை. என் வீட்டுக்காரர் எங்களை விட்டுப் போன வருஷம் கிடைத்த வேலை இது. முதல் மாதம் அடித்த நிறம். ஒரு பிடிப்பு இருக்காதா?

வெளியூரில் படிக்கிற மகளிடம் போனில் சொன்னேன். "ஒரு பந்துக்காகவா அழுவுற?" என்றாள்.

"அழலடி. மூக்கு அடைச்சிருக்கு."

மார்ச் 8, சனி

நெட்டை சரியான நிறத்தை அச்செடுத்து வந்தார். தாளில் ஒரு நிறம், அவர் போனில் இன்னொன்று, என் கம்ப்யூட்டரில் வேறொன்று. "இதுல எதுங்க சரி?" என்றேன். முகம் விழுந்துவிட்டது, பாவம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அப்புறம் வாயால் சொன்னார். மீத்தேன் வாயு சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், மிச்சம்தான் நமக்குத் தெரிகிற நீலம். நெப்டியூனில் மூட்டம் மெல்லிசு. அதனால் யுரேனஸைவிடக் கொஞ்சம் நீலம் கூடுதல்.

"கொஞ்சம்னா? துளியா, கரண்டியா?"

யோசித்து, "துளிங்க" என்றார்.

மார்ச் 11

இருபத்து மூன்று அட்டைகளில் துளித் துளியாகக் கூட்டி அடித்துப் பார்த்தேன். ஜன்னலோரம் வரிசையாக வைத்து இரண்டு பேரும் பார்த்தோம். பத்தொன்பதாவது அட்டைக்கு ஒரே நேரத்தில் கை நீட்டினோம்.

மார்ச் 12

என்ன இது, நாற்பத்தாறு வயசுல?

மார்ச் 15, சனி

இரண்டு பூச்சும் முடிந்தது. நெட்டை லீவு நாளில் வந்து ஏணி பிடித்தார். மனைவி தவறி ஒன்பது வருஷம் ஆகிறதாம். "இங்க நாலு காட்சி வாய் ஓயாமப் பேசறேன். வீட்டுக்குப் போனா ரேடியோதான் பேசும்."

என் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தேன். முழுசையும் சாப்பிட்டுவிட்டார், பேச்சு சுவாரசியத்தில்!

மார்ச் 17

பிள்ளைகள் வந்தார்கள். மேலே தொங்கும் யுரேனஸையும் நெப்டியூனையும் பார்த்து ஒரு பெண் குழந்தை கேட்டது, "ரெண்டும் இரட்டைப் பிள்ளையா?"

"உத்துப் பாரு, ஒண்ணு கொஞ்சம் கூட நீலம். முன்னாடி நாங்க தப்பா அடிச்சிருந்தோம்."

'நாங்க' என்றார் நெட்டை. "அடிச்சது அந்த அம்மா" என்று என்னைக் கைகாட்டியிருக்கலாம். செய்யவில்லை. ஆனால், "இந்த நிறத்தைக் கலந்தவங்க அதோ நிக்கிறாங்க" என்று மட்டும் காட்டினார். கூடமே கை தட்டியது. காது வரைக்கும் சூடாகிவிட்டது எனக்கு.

ஏப்ரல் 20, ஞாயிறு

மகள் வந்திருக்கிறாள். நெட்டையைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். வெங்காயம் நறுக்குகிறேன் என்று அவளோடு அடுப்படியில் நின்றவர், அழுது தீர்த்தார். ஒரே சிரிப்புச் சத்தம். அவர் போனதும் அவள் சொன்னது: "அம்மா, ஆள் தேறுவாரு."

ஜூன் 9, திங்கள்

பதிவாளர் அலுவலகத்தில் பேனா எழுதவில்லை. வேறு தேடிப் பிடித்துக் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டோம். மகள்தான் முதல் சாட்சி. வெளியே வந்து படியில் நின்றோம், அடுத்து என்ன செய்வது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.

"பசிக்குதுங்க" என்றேன்.

"இனிமே என்ன, இந்த 'ங்க'?" என்றார்.

"சரிங்க" என்றேன்.