உப்புத் தண்ணீரில் நம் பெண்

என்னங்க,

நீங்கள் வீட்டைவிட்டுப் போனதைப் பற்றி இதில் ஒரு வரியும் இல்லை, பயப்படாமல் படியுங்கள். நம் குட்டிம்மா இன்று மிதந்தாள்.

பிசியோதெரபி அக்கா தொட்டி நிறைய வெந்நீர் விளாவி, மூட்டை மூட்டையாகப் பாறை உப்பைக் கரைத்து வைத்திருந்தார். "இது நோயைக் குணமாக்காதும்மா. உடம்பத் தாங்கும், அவ்வளவுதான்" என்று முன்னாடியே சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து விறைத்தே கிடக்கும் அந்த உடம்பை ஏந்திக்கொண்டு இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் கனமே தெரியவில்லை. எப்போதும் மூடியே இருக்கும் இடது கை தானாக விரிந்தது. விரல்களுக்கு நடுவே தண்ணீர் ஓடியதும் அவளுக்குக் கூச்சம், ஒரே சிரிப்பு.

அப்புறம் திக்கித் திக்கிச் சொன்னாள்: "அம்மா, கைய எடு."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தலையாட்டினார். எடுத்துவிட்டேன்.

அவள் மூழ்கவில்லை. யாரும் பிடிக்காமல், கூரையைப் பார்த்தபடி ராணி மாதிரி படுத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் பக்கத்தில் எனக்கு வேலை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கை மறுபடி மூடிக்கொண்டது. மூடிக்கொள்ளட்டும். அது விரிந்ததை நான் பார்த்துவிட்டேன்.

உங்களை வரச் சொல்லவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி போகிறோம். அந்தத் தொட்டியில் இன்னொருவர் நிற்க இடம் இருக்கிறது.

உங்கள் மகளின் அம்மா