கார் ஷெட்டில் போட்ட ஈஸ்டர் மேஜை

அன்பு லிடியாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் இந்தப் பனி முழுக்க உருகும்வரை முனகிக்கொண்டுதான் இருக்கும் போலிருக்கிறது, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வெளியே போகாமல், சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நியூசிலாந்தில் ஈஸ்டருக்கு இலை உதிர்கிறது என்று எழுதியிருக்கிறாய். வசந்த காலப் பண்டிகையை இலை உதிரும்போது கொண்டாடுகிற ஊரில் நீ எப்படித்தான் காலம் தள்ளுகிறாயோ, எனக்குக் கேட்கவே ஆத்திரமாக இருக்கிறது. அது போகட்டும். நம் வீட்டு ஈஸ்டர் எப்படி நடந்தது என்று கேட்டிருந்தாய். உட்கார்ந்துகொண்டு படி. நின்றபடி படிக்கிற சமாசாரம் இல்லை.

இந்த வருஷம் விருந்து தன் புது வீட்டில்தான் என்று உன் அண்ணி மேரிபெத் பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டாள். "ஹாம் மட்டும் நீங்க கொண்டு வாங்க வெர்னா, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்"னாள். சரி, வைத்துக்கொள், ஆனால் மேஜை அலங்காரம் என்னுடையது, அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்று நானும் அப்போதே சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். உன் அண்ணன் ரஸ்ஸல் சாட்சி, அவன் வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாலும் காது திறந்துதான் இருந்தது. அதை நம்பி மூன்று வாரம் உழைத்தேன் லிடியா. பழைய தேநீர்க் கோப்பைகளில் கோதுமை விதைத்து, ஜன்னலோரம் வைத்து, விரல் நீளத்துக்குப் பச்சைப் புல்லாக வளர்த்தேன். உன் அப்பாவின் பழுப்பு ஸ்வெட்டரை வெட்டி ஒன்பது முயல் தைத்தேன், அதை அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார், நீ வாய் விடாதே. வில்லோ கிளைகளை நிலவறையில் வாளித் தண்ணீரில் நிறுத்தி, பூனைக் கால் மாதிரி மொட்டு விட வைத்தேன். சிவப்பு முள்ளங்கியில் வாலோடு எலிகள் செய்து, கிராம்பில் கண் வைத்து, தீக்குச்சி ஏணியில் வெண்ணெய்க் கிண்ணத்துக்கு வரிசையாக ஏற்றிவிட்டேன். கடைசி எலி ஏற மாட்டேன் என்று கீழே உட்கார்ந்து அழுகிறது, அதற்கு ஒரு கைக்குட்டை. அப்புறம் முட்டைகள். வழக்கம்போல ஓட்டை போட்டு ஊதி எடுத்து, சாப்பிட வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் வரைந்து, தொப்பி வைத்து, அவரவர் தட்டுக்கு முன்னால். ரஸ்ஸலின் மேனேஜர் ஹால்வர்சனும் அவர் மனைவியும் வருகிறார்கள் என்று வியாழக்கிழமைதான் சொன்னார்கள், நான் முகம் தெரியாதவர்களுக்கு ரஸ்ஸல் வேலை பார்க்கும் ஆலையின் ஆண்டுமலரில் இருந்த போட்டோவைப் பார்த்து வரைந்தேன். நம் நாய் டியூக்குக்கும் ஒன்று, ஒரு காது மடங்கியபடி.

சனிக்கிழமை மத்தியானம் போய் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு வந்தேன். மேரிபெத் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். "ரொம்ப வேலை பண்ணியிருக்கீங்க"ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அதிலேயே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும், எனக்கு எங்கே அந்தச் சாமர்த்தியம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஹாமை, அவ்வளவு பெரிய பன்றித் தொடையை, மடியில் வைத்துக்கொண்டு போய் இறங்குகிறேன், சாப்பாட்டு அறையில் என் மேஜையைக் காணோம்! சாம்பல் நிறத் துணி, வெள்ளைத் தட்டு, நடுவில் மூன்று வெள்ளை மெழுகுவர்த்தி. துக்க வீட்டில்கூட ஒரு பூ வைப்பார்கள் லிடியா. எங்கே என் சாமான் என்று கேட்டேன். மேரிபெத் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ரஸ்ஸலோட மேனேஜர் வர்றாரு, கொஞ்சம் சிம்பிளா இருக்கட்டும்னு எடுத்து வச்சேன். பத்திரமாத்தான் இருக்கு"ன்னாள். பத்திரமாகவாம். கார் ஷெட்டில், பனி வாரும் மண்வெட்டிக்கும் எஞ்சின் ஆயில் டப்பாவுக்கும் நடுவில் ஓர் அட்டைப் பெட்டி, அதில் என் மூன்று வாரம். உன் அண்ணனைப் பார்த்தேன். நாற்பத்தொரு வயது ஆண்பிள்ளை, ஆலிவ் கிண்ணத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு, "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் விடேன்"ங்கிறான். எதை விடுவது? என் கை அதுவாகவே ஹாமைத் தூக்கிக்கொண்டது. உன் அப்பா பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்து, "வெர்னா, ஹாமை வச்சிட்டு வா, அது என்ன பாவம் பண்ணிச்சு"ன்னார். ஹாம் என்னுடையது, எங்கே சாப்பிடுவது என்று நான்தான் முடிவு செய்வேன் என்றேன்.

வீட்டுக்குப் போவதாகத்தான் கிளம்பினேன். ஆனால் கார் ஷெட்டில் ஒரு பிங்பாங் மேஜை சும்மா நிற்கிறதைப் பார்த்தேன். வலையைக் கழற்றி எறிந்தேன். பெட்டியைப் பிரித்து, மேஜையில் பரப்ப வைத்திருந்த காய்ந்த பாசியை விரித்து, கோப்பைப் புல்லை நிமிர்த்தி, முயல்களை உட்கார வைத்து, ஏணியில் எலிகளை ஏற்றி, மேஜையை மறுபடியும் போட்டேன். விரல் விறைத்துப் போகிற குளிர். உன் அப்பா மூலையில் இருந்த ஹீட்டரை இழுத்து வந்து சொருகினார், மடக்கு நாற்காலிகளை விரித்தார், கத்தியை எடுத்து ஹாமை வெட்ட ஆரம்பித்தார். முதலில் வந்தது யார் தெரியுமா? மேரிபெத்தின் சொந்த அப்பா, வென்டல். காதுக் கருவியைத் திருகிக்கொண்டே வந்து, "என்னங்க வெர்னா, சாப்பாடு இங்கயா? நல்லதாப் போச்சு. உள்ள உக்காந்தா ஆப்பரேஷனுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கு"ன்னு உட்கார்ந்துவிட்டார். அடுத்து ஹால்வர்சன் அம்மாள், காரில் விட்ட பையை எடுக்க வந்தவர், அழுகிற எலியைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே சிரித்து, "இங்க வாங்களேன், உங்க மூஞ்சி முட்டையில இருக்கு!"ன்னு வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். எந்த மேனேஜருக்குப் பயந்து என் மேஜையைக் கலைத்தார்களோ, அந்த மேனேஜர் முயல் காது மாதிரி நான் மடித்து வைத்த கைதுடைக்கும் துண்டைத் தலையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார் லிடியா! ரஸ்ஸலும் கடைசியில் உருளைக்கிழங்கு தட்டோடு, திருடன் மாதிரி, வந்து சேர்ந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் வென்டல் முட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாரும் இருக்கோம். நாய் கூட இருக்கு. எம்பொண்ணு எங்க?"ன்னார். தேடினேன். பாசிக்குள், பெட்டிக்குள், எங்கேயும் இல்லை. நான் வைத்தேன், என் கையால் வைத்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, உள்கதவைத் திறந்துகொண்டு மேரிபெத் வந்தாள், ஏப்ரன் பையில் கையை விட்டபடி. "இங்க இருக்கா"ன்னு அந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தாள். காதுக்கு மேலே பழுப்பு வண்ணம் நகத்தால் சுரண்டப்பட்டு, அடியில் மஞ்சள் முடி தெரிந்தது. "இது யாரு வெர்னா?"ன்னாள்.

உனக்குத் தெரிந்திருக்கும் யார் என்று. உன் அண்ணனின் முதல் மனைவி ஜேனிஸ். அவள் விட்டுப் போய் ஐந்து வருஷமாகிறது, வருஷா வருஷம் எடுத்து வைக்கிற பெட்டியில் அவள் முட்டை அப்படியே இருந்தது, நல்ல முட்டை, நல்ல மூக்கு. மேரிபெத் வந்தபோது மஞ்சள் முடிக்கு மேல் பழுப்பு பூசினேன், கண்ணையும் பழுப்பாக்கினேன், வேலை முடிந்தது. இதில் என்ன குற்றம் என்று எனக்கு அந்த நிமிஷம்வரை தோன்றவே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். பண்டிகை நாளில் யாராவது முட்டையைச் சுரண்டிப் பார்ப்பார்களா? அதைத்தான் கேட்டேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "முதல்ல நான் சுரண்டல. போன வருஷம் அதுவா உரிஞ்சு வந்துது. இந்த வருஷமாவது மாத்துவீங்கன்னு பாத்தேன். சனிக்கிழமை நீங்க போனப்புறம் போய்ப் பாத்தேன், உரிஞ்ச இடத்துல மறுபடி பூசியிருந்தீங்க, அப்பதான் சுரண்டினேன். இன்னிக்கு முதல் தடவையா வர்றவங்களுக்குப் புது முட்டை. உங்க நாய்க்குப் புதுசு. மேனேஜர் எல்லாம் சும்மா சாக்கு வெர்னா"ன்னாள். நேராகச் சொல்லியிருக்கலாமே என்றேன். "எப்படிச் சொல்றது? முட்டைக்கெல்லாம் அழறா பாருன்னு சிரிப்பீங்க"ன்னாள். வென்டல் காதுக் கருவியைத் தட்டிக்கொண்டு, "என்ன சொல்றா? என்ன சொல்றா?"ன்னு கேட்க, உன் அப்பா அந்தக் கூட்டத்துக்கு நடுவில், "ஜேனிஸோட முட்டையாம்!"ன்னு கத்தினார் பார், அந்த மனுஷனை என்ன செய்வது. ஹால்வர்சன் தலையிலிருந்த துண்டை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உன் அண்ணன் இருக்கிறானே, மூன்று வருஷமாக அந்த முட்டைக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவன், தன் முதல் மனைவியின் முகத்தையே அடையாளம் தெரியாதவன், "ஓ"ங்கிறான். ஓவாம்.

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை லிடியா. அவள் மேல் படத்தான் பார்த்தேன், வரவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு முட்டை எடுத்து, இரண்டு பக்கமும் ஊசியால் குத்தி, பாத்திரத்தில் ஊதினேன். ஊதின வேகத்தில் முதல் முட்டை உடைந்தது. இரண்டாவது தேறியது. பெட்டியில் என் வண்ணமும் தூரிகையும் இருந்தன. ஷெட் கதவை முழுக்கத் தூக்கிவிட்டு, வெளிச்சம் விழுகிற இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, இங்கே உட்கார் என்று மேரிபெத்திடம் சொன்னேன். "சாப்பிட்டுட்டுப் பண்ணலாமே அம்மா, ஆறிடும்"னான் ரஸ்ஸல். அவனை நான் பார்த்த பார்வையில் உருளைக்கிழங்கு தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். எல்லாரும் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் முதலில் தரையைப் பார்த்தாள். முகத்தைத் தூக்கு, எனக்குக் கண் தெரிய வேண்டும் என்றேன், தூக்கினாள். இடது புருவத்தின் நடுவில் முடி முளைக்காத ஒரு சின்னத் தழும்பு. இது எப்படி என்று கேட்டேன். ஒன்பது வயதில் டிராக்டரிலிருந்து விழுந்தாளாம், வென்டல் தன் சட்டையைக் கிழித்துக் காயத்தைக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் காரை ஓட்டினாராம். முகவாய் துடித்தது, அசையாதே என்று அதட்டினேன், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிக்கும்போது ஒரு பக்கம்தான் குழி விழுகிறது. பழுப்பை எடுத்துக் கண்ணில் வைக்கப் போனவள் தூரிகையை நிறுத்தினேன். அவள் கண் பழுப்பு இல்லை. பச்சை. ஏரிக்கரையில் முதல் பனி உருகும்போது தெரிகிற பச்சை. மூன்று வருஷமாக ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறோம்.

ஜேனிஸ் முட்டையை உடைக்கக் கையை ஓங்கினேன், மேரிபெத்தான் பிடித்துக்கொண்டாள். "அவ என்ன பண்ணினா?"ன்னு பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள். எல்லாரும் ஆறிப்போன ஹாமைத்தான் சாப்பிட்டோம், யாரும் குறை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நடப்பதே வேறு. ஆனாலும் அந்தச் சாம்பல் துணியை நான் மன்னிப்பதாக இல்லை, இதை நீ அவளுக்கு எழுதினாலும் சரி. நம் வீட்டு நாய்க்குப் புது முட்டை என்று அவள் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது, பாத்திரம் கழுவும்போதெல்லாம் வருகிறது. உன் அப்பா ஒன்றும் ஆகாது என்கிறார். அவருக்கு எதுவுமே ஆகாது.

நீ வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போ, குளிர் வருமுன் கம்பளிச் சாக்ஸ் வாங்கிக்கொள். கர்த்தர் உன் வாசலிலும் உன் வழியிலும் துணையிருக்கட்டும், உன் கைவேலை எல்லாம் செழிக்கட்டும். முக்கியமானது ஒன்று, மறக்காதே. அடுத்த கடிதத்தோடு உன் போட்டோ ஒன்று வை. மலையும் கடலும் எனக்கு வேண்டாம். தொப்பி இல்லாமல், நல்ல வெளிச்சத்தில், முகம் மட்டும், பக்கத்தில் நின்று எடுத்தது.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
வெர்னா